எஸ்தர் மறைத்த குலம்

2025 மார்ச் 10, திங்கள்

அழிவிலிருந்து தப்பியதை யூதர்கள் கொண்டாடும் பூரிம் பண்டிகை நெருங்குவதால், பாரசீக ராஜாவின் பட்டத்தரசியான எஸ்தரின் வரலாற்றை விவிலியத்தில் மீண்டும் வாசிக்கத் தொடங்கினேன். புதிய அரசியைத் தேர்வதற்காகப் பாரசீகத்தின் சூசான் அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட கன்னிகைகளுக்கு 6 மாதம் வெள்ளைப்போளத் தைலமும் 6 மாதம் நறுமணப் பொருள்களும் பூசி, 12 மாதம் கழிந்த பிறகே ராஜாவிடம் அனுப்பினார்கள் என்ற செய்தியை, இதுவரை அரண்மனைச் செழிப்பின் வருணனையாகவே வாசித்திருந்தேன். இன்று அந்த ஓராண்டின் மௌனம் என்னை நிறுத்திவிட்டது. தாய் தகப்பனை இழந்த எஸ்தருக்கு ஹதாசா என்ற எபிரெயப் பெயரும் இருந்தது. மிருதுச்செடி என்று பொருள். யூதக் குலத்தை வெளிப்படுத்தாதே என்று வளர்த்தவனான மொர்தெகாய் சொல்லியிருந்ததால், தைலம் பூசிய கைகளுக்கு உரியவர்களிடம்கூடத் தான் யார் என்று அவள் சொல்லியிருக்க முடியாது. மொர்தெகாயோ அவள் நலம் அறிவதற்காக நாள்தோறும் அந்தப்புர முற்றத்தின் முன் நடந்துகொண்டிருந்தான்.

2025 மார்ச் 12, புதன்

யூதர்களை அழிக்கும்படி ராஜாவின் தலைமை அதிகாரியான ஆமான் எழுதுவித்த கட்டளை ராஜ்யத்தின் 127 நாடுகளுக்கும் போய்விட்டது. மொர்தெகாய் துக்கத்தின் அடையாளமாக இரட்டுடுத்தி அரண்மனை வாசலில் நிற்கிறான். எஸ்தர் அவனுக்கு மாற்று உடை அனுப்புகிறாள். தெருவெல்லாம் அறிந்த செய்தி பட்டத்தரசிக்கு எட்டவில்லை என்பதை அந்த உடைகளே காட்டுகின்றன. அவளை ராஜா அழைத்து 30 நாளாகியிருந்தது. அழைக்கப்படாமல் உள்ளே போகிறவருக்கு, ராஜா பொற்செங்கோலை நீட்டாவிட்டால், மரணம். அவள் அதைத் துணிந்தாள். ஆனால் அதைவிடப் பெரிய துணிவு, ராஜாவுக்கும் ஆமானுக்கும் அவள் வைத்த இரண்டாம் விருந்தில் ஆமானின் முன்னிலையிலேயே, நானும் என் மக்களும் விற்கப்பட்டிருக்கிறோம் என்று வாய்திறந்து சொன்னதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 மார்ச் 13, வியாழன்

இன்று, பூரிமுக்கு முன் யூதர்கள் நோன்பிருக்கும் எஸ்தரின் உபவாச நாள். எஸ்தரை மணந்த ராஜாவான அகாஸ்வேரு என்பவர் கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட முதலாம் செர்க்சஸ் என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். ஆனால் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிப்பிடும் அவருடைய மனைவி அமெஸ்திரிஸ். இந்த முரணை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அரச குடும்பப் பெண்ணின் எழுத்துக்கு அங்கே அதிகாரம் இருந்தது என்பதற்கு பாரசீகத் தலைநகர்களுள் ஒன்றான பெர்செபோலிஸின் களிமண் பலகைகளே சான்று. செர்க்சஸின் தந்தை தாரியுவின் மனைவியருள் ஒருவரான இர்தஷ்துனா சொந்தப் பண்ணைகளை வைத்திருந்தார். தம் கட்டளைகளுக்குத் தம்முடைய முத்திரையையே இட்டார். ஆமான் வீழ்ந்த பின் அவன் வீட்டைப் பெற்று, பூரிமை உறுதிப்படுத்தும் மடலை மொர்தெகாயுடன் சேர்ந்து எழுதும் எஸ்தரை அதன் பிறகு என்னால் வெறும் அழகியாகப் பார்க்க முடியவில்லை.

2025 மார்ச் 17, திங்கள்

ஈரானின் ஹமதானில் எஸ்தர், மொர்தெகாய் கல்லறை என்று யூதர்கள் போற்றும் செங்கல் கட்டடத்துக்குள் குனிந்தே நுழைய வேண்டும். அதன் கற்கதவு அவ்வளவு தாழ்வானது. அங்கே இருப்பது சுஷாந்துக்தின் கல்லறையாக இருக்கலாம் என்று தொல்லியலாளர் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் கருதினார். சுஷாந்துக்த், கி.பி. 399 முதல் 420 வரை பாரசீகத்தை ஆண்ட சாசானிய வம்ச மன்னர் முதலாம் யஸ்தகர்தின் மனைவி. ஈரானிய நகரங்களைப் பற்றிய மத்தியப் பாரசீக ஏடு ஒன்று அவரை ரேஷ் கலூத்தாவின், அதாவது நாடிழந்து வாழ்ந்த யூதர்களின் தலைவருடைய மகள் என்றும், பின்னாளில் மன்னரான பஹ்ராம் கோரின் தாய் என்றும் ஒளிவின்றிச் சொல்கிறது. எஸ்தர் சொல்ல அஞ்சிய பிறப்பே இவருக்கு அடையாளமாகியிருக்கிறது. ஆனால் இவர் பேசியதாக ஒரு சொல்கூட அந்த ஏட்டில் இல்லை. இஸ்ஃபஹானின் ஜெய் பகுதியில் யூதர்கள் குடியேற்றப்பட்டது இவருடைய வேண்டுகோளால் என்ற செய்தி இருக்கிறது.