பத்து பவுண்டுக்குக் கைமாறிய கம்பெனி

பர்மிங்காமில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பேச ஆரம்பித்தால் பீஸ் ரேட் காலத்தில்தான் நிற்பார். முடித்த வேலைக்குத்தான் கூலி. ஒவ்வொரு வேலைக்கும் என்ன ரேட் என்று யூனியன் ஆளும் ஃபோர்மேனும் மல்லுக்கட்டுவார்களாம். 1970களில் அதை எடுத்துவிட்டு நாள் கணக்கில் சம்பளம் ஆக்கினார்கள். அவருக்கு அதில் இன்னும் வருத்தம்தான்!

பிரிட்டிஷ் கார் தொழில் சரிந்த பழியை யூனியன் தலையில் கட்டுவது இங்கே ரொம்ப சுலபம். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. 1959-இல் வந்த மினி என்ற சின்ன பிரிட்டிஷ் காரைப் போட்டிக் கம்பெனியான ஃபோர்டுகாரர்கள் வாங்கிப் பிரித்துப் பார்த்து, அதைச் செய்கிற கம்பெனிக்கு ஒரு காருக்குச் சுமார் 30 பவுண்டு நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள். விலை வைத்தது தொழிலாளியா என்ன?

1968-இல் பல கம்பெனிகள் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் உருவானது. ஆஸ்டின், மோரிஸ், டிரையம்ப், ரோவர் எல்லாம் ஒரே கூரையின்கீழ், ஆனால் ஒன்றுக்கொன்று போட்டி. (நம் அசோக் லேலண்டின் லேலண்டும் இந்தக் குடும்பம்தான்.) 1975-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்புறம் ரோவர் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கார் கம்பெனியை 1994-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ வாங்கியது. 2000-இல் மினியை வைத்துக்கொண்டு ரோவரை வெறும் 10 பவுண்டுக்குத் தள்ளிவிட்டது. 2005 ஏப்ரலில் லாங்பிரிட்ஜ் நின்றது. சுமார் 6,000 பேருக்கு வேலை போனது.

இங்கிலாந்தில் இன்றைக்கும் கார் செய்கிறார்கள். சண்டர்லாந்தில் நிசான், ஆக்ஸ்போர்டில் பிஎம்டபிள்யூவின் மினி. ஜாகுவார் லேண்ட் ரோவர் 2008 முதல் டாடாவுடையது.

பெரியவர் ஓட்டுவது டொயோட்டா. ஏன் என்று கேட்டால், "காலையில் ஸ்டார்ட் ஆகுதே" என்கிறார்.