மூன்று படிக்குப் பதினெட்டு அடி

8 நவம்பர் 2024, வெள்ளி

சாயங்காலம் அண்ணன் மகன் போனை நீட்டினான். "அத்தை, உங்க கேஸ் ஜெயிச்சிருச்சு."

என் கேஸ் இல்லை. ராஜீவ் ரதூரி என்று பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்டது. இன்று தீர்ப்பு. தலைமை நீதிபதி சந்திரசூட்டுக்கு இன்றோடு கோர்ட் வேலை முடிகிறது, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடமும் பஸ்ஸும் எங்களுக்கு எட்டும்படி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதன் கீழ் 2017-ல் எழுதிய விதிகளில் 15-ஆவது விதியோ, அந்த வழிகாட்டியைப் பார், இந்த வழிகாட்டியைப் பார் என்று கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வழிகாட்டிக்குள் போனால் முக்கால்வாசி 'செய்யலாம்', 'செய்தால் நல்லது'. அந்த விதி செல்லாது, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை எழுது என்று மத்திய அரசுக்கு உத்தரவு.

எனக்கு உடனே கீழே இருக்கிற மூன்று படி ஞாபகம் வந்தது.

மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்குக்கு நாற்பது வயசு இருக்கும். நான் நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. அந்த லிஃப்டுக்குப் போக மூன்று படி. சின்ன வயசில் போலியோ வந்த காலோடு, காலிப்பர் என்கிற கால் தாங்கியை மாட்டி 52 வயசு வரை ஏறி இறங்கினேன். பிறகு மிச்சமிருந்த தசையும் தளர்ந்து வீல்சேர். இப்போது நான் வெளியே போக இரண்டு ஆண்பிள்ளைகள் வேண்டும். வாட்ச்மேன் ஒருவர், கண்ணில் படுகிறவர் ஒருவர்.

10 நவம்பர், ஞாயிறு

படிப்பக்கம் ராம்ப் என்கிற சாய்தளம் போடச் சொல்லி பில்டிங் சொசைட்டிக்குக் கடிதம் எழுதலாம் என்று சட்டத்தைத் திறந்து உட்கார்ந்தேன். 45-ஆவது பிரிவின்படி ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் சரிசெய்திருக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு போய் இரண்டரை வருஷம் ஆகப்போகிறது.

பொதுக் கட்டடம் என்றால் எது எது? பள்ளிக்கூடம், வேலையிடம், கடை, கோயில், ஆஸ்பத்திரி, கோர்ட், ரயில் நிலையம், பஸ் நிலையம், விமான நிலையம். சீர்திருத்த இல்லம்கூட இருக்கிறது. குடியிருக்கும் வீடு இல்லை. மூன்று தடவை படித்தேன், இல்லைதான். புதிதாகக் கட்டுவதற்கு 44-ஆவது பிரிவு இருக்கிறது: நிறுவனங்கள் கொடுக்கும் வரைபடம் விதிப்படி இல்லாவிட்டால் அனுமதி தரக் கூடாது. பழைய பில்டிங்கில் இருப்பவள் எதைப் பிடித்துத் தொங்குவது? கடைசியில் 5-ஆவது பிரிவைப் பிடித்தேன், சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை. வக்கீல் பார்த்தால் சிரிப்பாரோ என்னவோ. எங்கள் கமிட்டியில் வக்கீல் யாரும் இல்லை.

முந்தைய 1995 சட்டத்தின் 3 சதவீத ஒதுக்கீட்டில்தான் எனக்கு வங்கி வேலை கிடைத்தது. அந்தக் கிளைக்கு வாசலில் ஐந்து படி.

20 நவம்பர், புதன்

சட்டமன்றத் தேர்தல். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருந்தால் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். நான் கொடுக்கவில்லை. வருஷத்துக்கு நாலு தடவை வெளியே போகிறேன், அதில் ஒன்றை ஏன் விடுவது?

சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடம், 300 மீட்டர். நடைபாதையில் ஏறவே முடியவில்லை. பைக் ஓட்டுகிறவர்கள் ஏறக் கூடாதென்று நுழைவில் ஸ்டீல் கம்பம் நட்டிருக்கிறார்கள். பையில் எப்போதும் டேப் வைத்திருப்பேன், அண்ணன் மகன் அளந்தான். இடைவெளி 55 சென்டிமீட்டர், என் வண்டி 63. நாங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே ஒரு பைக் பக்கத்துக் கடை வாசல் வழியாக நடைபாதையில் ஏறிப் போனது. இந்தக் கம்பங்களைப் பற்றி வீல்சேரில் இருக்கும் ஓர் இளைஞர் எழுதிய மின்னஞ்சலை 2023-ல் மும்பை உயர் நீதிமன்றமே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது. அதே வருஷம்தான் மும்பையில் கார் (Khar) என்கிற பகுதியில் ஒரு மணப்பெண்ணை வீல்சேரோடு பதிவு அலுவலகத்தின் இரண்டாவது மாடிக்குத் தூக்கிப்போனதும். கல்யாணம் ஆனது, லிஃப்ட் இல்லை.

சாவடியில் பிளைவுட் ராம்ப் போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்து வைத்திருந்தார்கள். ஒரு பையன் "திவ்யாங் மேடம் ஆயீ ஹைன்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். தாராவியில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் 'லங்கடி', நொண்டி. வங்கியில் 'ஹேண்டிகேப்ட்'. இப்போது 'திவ்யாங்', தெய்வ உறுப்பு படைத்தவள். பெயர் ஏறிக்கொண்டே போகிறது, படி இறங்குவதாக இல்லை.

2001-ல் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தபோது குதுப்மினாரில் அவருக்காக மர ராம்ப் போட்டார்களாம். நாளைக்கு இந்தப் பிளைவுட்டும் வாடகைக் கடைக்குத் திரும்பிவிடும்.

1 டிசம்பர், ஞாயிறு

ஸ்பெஷல் ஜெனரல் பாடி. கூட்டம் மொட்டை மாடியில் என்று போட்டிருந்தார்கள். லிஃப்ட் ஐந்தாவது மாடியோடு நின்றுவிடும். நான் போன் பண்ணிய பிறகு லாபிக்கு மாற்றினார்கள்.

யாரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை, அதுதான் கஷ்டம். செக்ரட்டரி குஜராத்திக்காரர், தங்கமான மனுஷர், "பெஹன்ஜி, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடுங்கள், என் மகன் வந்து தூக்குவான்" என்றார். பொருளாளர் எங்கள் ஊர்ப்பக்கம், சாத்தான்குளம். "தூக்குறதுக்கு நாங்க இருக்கோம்லா, பெறகு எதுக்கு இத்தன செலவு?"

"நீங்க இருக்கீங்க அண்ணாச்சி. உங்க முதுகு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். போன மழைக்காலத்தில் தூக்கும்போது வாட்ச்மேன் வழுக்கி, நான் கீழே விழுந்து, கையில் நாலு தையல். அதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

முதல் மாடிப் பாலக்காட்டு மாமி கையை உயர்த்தி, "எனக்கும் வாக்கர் வந்தாச்சு, தீர்மானம் போடுங்கோ" என்றார். போட்டார்கள்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

ராம்ப் வந்துவிட்டது. ஆறடி நீளம். ஸ்கூட்டர் ஏற்ற அருமையாக இருக்கும்.

ஒரு படி ஆறு அங்குலம், மூன்று படிக்குப் பதினெட்டு. ஒரு அங்குலம் ஏற பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும் என்பது கணக்கு, அரசு வழிகாட்டியில் இருக்கிறது. பன்னிரண்டு பெருக்கல் பதினெட்டு 216 அங்குலம், அதாவது பதினெட்டு அடி. இந்த ஆறடியில் என்னைத் தள்ளினால் பின்னால் இருப்பவர்மேல் மல்லாக்க விழுவேன். கணக்கைக் கடிதத்திலேயே படம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மிஸ்திரியைக் கேட்டால், "அளவு யாரும் சொல்லலியே மேடம், ராம்ப் போடுன்னாங்க, போட்டேன்." அவர்மேல் தப்பில்லை. செக்ரட்டரியோ அந்த அளவு 'கைட்லைன்'தானே என்றார். எனக்கு நவம்பர் 8 ஞாபகம் வந்தது. கோர்ட் ஒரு வார்த்தைக்காக ஏன் அவ்வளவு நேரம் செலவழித்தது என்று இப்போது புரிகிறது.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கலுக்கு அண்ணன் வீடு, தாராவி. 90 அடி ரோடு நெடுகப் பானைகள். சந்துக்குள் என்னைத் தூக்கித்தான் போனார்கள். அங்கே எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்று தெரியவில்லை.

8 பிப்ரவரி, சனி

மூன்று மாதக் கெடு இன்றோடு சரி. பேப்பரை இரண்டு முறை புரட்டினேன், விதிகளைப் பற்றி எதுவும் கண்ணில் படவில்லை.

கீழே மட்டும் வேலை நடக்கிறது. புனேயில் இருக்கும் மாநில ஆணையருக்கு எழுதப்போகிறேன், அவருக்கு சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு, முதல் தப்புக்கு 10,000 ரூபாய் வரை, அடுத்ததுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது என்று குரூப்பில் ஒரு வரி போட்டேன். எங்கள் பில்டிங்குக்கு அது பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறடியை உடைத்துவிட்டுச் சுவரோரமாக ஒன்பதடி, ஐந்தடித் தளம், திரும்பி இன்னொரு ஒன்பதடி. அண்ணாச்சியின் ஸ்கூட்டர் நிற்கும் இடம் போயிற்று. மூன்று நாளாக அவர் என்னிடம் பேசவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஆள் இல்லாமல் இறங்கினேன். கைப்பிடி ஒரு பக்கம்தான் மாட்டியிருக்கிறார்கள், பரவாயில்லை. திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வாட்ச்மேன் பழக்கத்தில் ஓடிவந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

ராம்ப் முடியும் இடத்தில் குறுக்கே ஸ்கூட்டர்.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க!"

நாலு தடவை கூப்பிட்ட பிறகு இரண்டாவது மாடி ஜன்னலில் தலை தெரிந்தது. "வாரேன் வாரேன், சாயா குடிச்சிட்டு."

பிரேக்கைப் போட்டு உட்கார்ந்தேன். மணி ஏழு இருபது.