ஞாயிறு ஆட்டமும் சீரகச் சம்பா பிரியாணியும்

ஐபிஎல் பருவத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஆட்டங்கள் இருந்தால், முதல் ஆட்டம் பிற்பகல் 3.30 மணிக்கே தொடங்கிவிடும் என்பதால், எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குள் இலைக்கு வந்துவிட வேண்டும். அன்றைக்குச் சீரகச் சம்பா மட்டன் பிரியாணிதான். கடையில் வரவழைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஒரு கிலோ கறிக்கு ஒரு கிலோ அரிசி எடுத்து, அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு, சின்ன வெங்காயத்தையும் இஞ்சி பூண்டு விழுதையும் பச்சை வாசனை போகும்வரை வதக்கி, தயிரில் பிரட்டிய கறியை அதில் நன்றாக வேகவிட்ட பிறகே அரிசியைச் சேர்ப்போம். கறிச் சாற்றையும் சேர்த்து, அரிசிக்கு ஒன்றரைப் பங்கு நீர்தான் கணக்கு. இந்தப் பொடி அரிசி பாசுமதியைப் போல் நீளாது. ஆனால் சாற்றை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும், அதிகம் கிளறினால் உடைந்து குழைந்தும் போகும். ஆகவே நீர் வற்றி மேற்பரப்பில் சிறு துளைகள் தெரியும் தறுவாயில் கரண்டியை எடுத்துவிட்டு, தட்டை மூடி, அதன்மேல் வெந்நீர்ப் பாத்திரத்தை ஏற்றி, சிறு தீயில் இருபது நிமிடம் தம்மில் விட வேண்டும். தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடியும், கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட தாளிச்சாவும் உண்டு.

டாஸ் மூன்று மணிக்கு என்பதால், அதற்குள் பாத்திரங்களைப் பிள்ளைகள் துலக்கி முடிக்க, சமைத்த அம்மாதான் கூடத்தில் முதலில் உட்கார வேண்டும் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். இரவு 7.30 மணி ஆட்டத்துக்கு இட்லியும் மீந்த தாளிச்சாவுமே போதும்.