மகனின் கரகரத்த குரலும் எங்கள் வீட்டுச் சத்தமும்

ஓணத்தையொட்டி மகனுக்கு வந்த காய்ச்சல் நாலு நாளில் விட்டது. கூட வந்த தொண்டைக்கட்டு விடவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை கிழவனார் மாதிரி கரகரத்தான். காலையில் சத்தம் கொஞ்சம் தெளிவாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாதி வார்த்தை வெறும் காற்றாக வரும். மாமியார் சுக்கு, நல்லமிளகு, கருப்பட்டி போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். பக்கத்து கிளினிக்கில் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு தடவை ஆன்டிபயாடிக் எழுதினார்கள். இரண்டு மாதம் இப்படியே போனது. அதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

அப்புறம்தான் தக்கலையிலிருந்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். "மூச்சு விடும்போது சத்தம் வருதா? சாப்பிடும்போது புரையேறுதா?" இஎன்டி டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான். இரண்டும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் டான்சில் தெரியும், அதற்குக் கீழே இருக்கும் குரல்நாண் தெரியாது என்றார். மூக்கில் மரத்துப்போகும் மருந்து விட்டு, கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார். மடியில் வைத்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அழுதான். "ஈ சொல்லு மக்களே" என்றார் டாக்டர். திரையில் இரண்டு வெள்ளை நாண்கள் வந்து சேர்ந்தன. எதிரெதிரே குருணை அரிசி அளவில் இரண்டு தடிப்பு. அவை முட்டுவதால் நாண் சரியாக மூடாமல் காற்று கசிகிறதாம். கத்திப் பேசுகிற பிள்ளைகளுக்கு வருவது, அதிகமும் பையன்களுக்கு. ஆபரேஷன் பெரும்பாலும் தேவைப்படாது. எச்பிவி வைரஸால் அங்கே மரு வளர்ந்தாலும் இதே கரகரப்புதான் இருக்கும்; அது மூச்சையே அடைக்கலாம். அதனால்தான் மூன்று நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

குரல் பயிற்சியில் முதலில் திருத்தியது என்னைத்தான். "ரகசியமாப் பேசு மக்களே" என்று நான் அடக்கிக்கொண்டிருந்தேன். குசுகுசுப்பதும் நாணுக்குச் சிரமமாம். தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து "ஊ" என்று குமிழி விடுவது அவனுக்குப் பிடித்த பயிற்சி. எங்கள் வீடு ரப்பர் தோட்டத்தை ஒட்டியது. அடுக்களையிலிருந்து கிணற்றடிக்குக் கூவித்தான் பேசுவோம், அவனும் அதைத்தான் படித்திருக்கிறான். இப்போது கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுகிறோம், இல்லாவிட்டால் நடந்து போகிறோம். மாமியாருக்குத்தான் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் விடாமல் செய்கிறார்.

நாலு மாதம் ஆகிறது. கரகரப்பு முழுசாகப் போகவில்லை. ஆனால் நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்து "பாட்டி, தண்ணி" என்றான். இரண்டு வார்த்தையும் முழுசாகக் கேட்டது.