இஸ்மினிக்கு ரீச்சர் சொன்னது

எங்கள் தமிழ் ரீச்சர் கடந்த ஆண்டு மாசியில் யாழ்ப்பாணத்தில் காலமானார். இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது வேறு எதிலும் மனம் போகவில்லை. ரீச்சர் என்றால் எனக்கு 1993இல் நாங்கள் மேடையேற்றிய ‘அன்ரிகனி’ நாடகம்தான்.

மின்சாரம் நின்று மூன்று வருடம். பற்றரி, சவர்க்காரம் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு வந்து, பள்ளி விட்ட பிறகு பிரதான மண்டபத்தில் ஒத்திகைக்கு நிற்போம். பொம்பர் சத்தம் கேட்டால் பங்கர். சத்தம் அடங்கினால் விட்ட வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய கிரேக்க நாடகம் இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஆசிரியர் அறையில் கேட்டார்களாம். எங்களுக்கு ரீச்சர் கதையை மட்டும் சொன்னார். தீப்ஸ் நகர வாசலில் அண்ணனும் தம்பியும் ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். ஒருவனுக்கு அரச மரியாதையோடு அடக்கம். மற்றவன் நாய்க்கும் காகத்துக்கும் கிடக்கட்டும், தொட்டுப் புதைப்பவருக்குச் சாவு என்று கிரெயோன் மன்னன் ஆணையிடுகிறான். தங்கை அன்ரிகனி போய் மண் அள்ளிப் போடுகிறாள். அண்ணன்மாரின் உடல் வீடு வந்து சேராத பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை.

எனக்கு அன்ரிகனியாக நடிக்கத்தான் ஆசை. கிடைத்தது இஸ்மினி. அரச கட்டளையை மீற வேண்டாம், நாங்கள் பெண்கள் என்று அக்காவைத் தடுக்கிற தங்கை. தோளைக் குறுக்கிக்கொண்டு நடுங்கிய குரலில் பேசினேன். ரீச்சர் பாதியில் நிறுத்தி, என்னை முன்வாங்கில் இருத்திவிட்டு, கோரஸில், அதுதான் கூட்டமாய் நின்று பாடுகிற குழுவில் இருந்த ஒரு சின்னப் பிள்ளையை என் வரிகளை வாசிக்கச் சொன்னார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“பயந்தவளை நடிக்கிறது லேசு பிள்ளை. இவள் பயந்தவள் இல்லை. தாய், தேப்பன், ரெண்டு சகோதரம், நாலு சாவு கண்ட வீடு. மிச்சம் இருக்கிற ஒருத்தியையாவது காப்பாத்தப் பாக்கிறாள். அதைச் சொல்லும்.”

இன்று வரைக்கும் யாரும் எனக்கு இதைவிட நல்ல பாடம் சொல்லித் தந்ததில்லை.

கோரஸுக்குக் காத்தவராயன் கூத்து மெட்டு. கழுமரம் ஏறப்போகிறவனின் பாட்டு சின்ன வயதிலிருந்தே எங்கள் காதில் இருந்தது. உயிரோடு குகையில் அடைபடப் போகிற அன்ரிகனிக்கு அது அப்படியே பொருந்தியது. நாடகத்தை எழுதிய சோபோக்கிளிஸ் கோரஸில் பதினைந்து பேரை நிறுத்தினார். எங்கள் மேடை ஏழு பேரைத்தான் தாங்கியது. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம் இறங்கும்போதெல்லாம் கோரஸில் ஒருத்தி ஆடியபடியே ஓரத்துக்கு வந்து காற்றடித்துவிட்டுப் போவாள். காலடியும் தப்பாது, பாட்டும் நிற்காது.

அன்ரிகனி செம்பிலிருந்து நீர் வார்த்து மண் தூவுகிற நேரம், திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு குரலில், செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடுகிற திருப்பொற்சுண்ணம் கேட்கும். மூலத்தில் அந்தக் காட்சியைக் காவலாளி வந்து வாயால் சொல்வதோடு சரி. ரீச்சர் அதை மேடையிலேயே வைத்தார். முதல் அடியிலேயே மண்டபத்திலிருந்த அம்மாமார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு இஸ்மினி ஓடிவந்து, நானும் செய்தேன், என்னையும் கொல்லுங்கள் என்கிறாள். அன்ரிகனி விடுவதில்லை. ‘வாழ்வது என்று நீ எடுத்தாய், சாவது என்று நான் எடுத்தேன்’ என்று எழுதியிருந்தார் ரீச்சர். அந்தக் காட்சிக்குப் பிறகு இஸ்மினிக்கு வசனம் இல்லை. கிரெயோன் அவளை விட்டுவிடுகிறான். குகைக்குப் போகும்போது அரச குலத்தில் எஞ்சியவள் தான் ஒருத்திதான் என்கிறாள் அன்ரிகனி. தங்கை அங்கே கணக்கிலேயே இல்லை.

ரீச்சர் என்னை உள்ளே போக விடவில்லை. கடைசி வரைக்கும் மேடை ஓரத்தில் நிற்க வைத்தார். அன்ரிகனி தூக்கில் தொங்கியது, அவளைக் கட்டவிருந்த கிரெயோனின் மகன் ஹீமன் வாளில் விழுந்தது, அவன் தாய் பலிபீடத்தடியில் செத்தது எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டேன். அழக்கூடாது, முகத்தைத் திருப்பக்கூடாது. “உயிரோட இருக்கிறவள் எல்லாத்தையும் கேட்கத்தான் வேணும் பிள்ளை” என்றார்.

1994இல் கிளாலிக் கடலேரியால் வெளிக்கிட்டேன். ரீச்சரிடம் சொல்லப் போனபோது “கவனமாப் போயிற்று வாரும்” என்று மட்டும் சொன்னார். ரொறன்ரோவில் பிள்ளைகளை நன்றாக வளர்த்துவிட்டேன், குறையில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு நாள் கஞ்சி வைத்துக் கொடுக்க எனக்குக் கிடைக்கவில்லை என்பது நெஞ்சில் கிடக்கிறது. செத்தவீட்டையும் ஃபோனில்தான் பார்த்தேன். சுண்ணம் இடிக்கும்போது பாடியவள், அன்று அன்ரிகனியாக நடித்தவள். அவள் ஊரிலேயே நின்று ஆசிரியையானவள்.

அவள் இப்போது அந்த நாடகத்தைத் தன் மாணவிகளை வைத்து மேடையேற்ற விரும்புகிறாள். ரீச்சர் சீ.ஆர். கொப்பியில் கைப்பட எழுதிய பிரதி 1995 இடப்பெயர்வில் போய்விட்டது. இஸ்மினியின் வசனம் முழுவதும் எனக்குப் பாடம், எழுதி அனுப்பிவிட்டேன். கிரெயோன், காவலாளி, தைரேசியாஸாக நடித்தவர்களே, ஞாபகத்தில் இருக்கிற வரிகளைச் சங்கத்துக்கு எழுதுங்கள். வரிசை மாறினாலும் பரவாயில்லை, சரிபார்க்க அவள் இருக்கிறாள். அன்று உடுக்கு அடித்த பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் அதையும் அறியத் தாருங்கள். கோரஸின் மெட்டு முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.