சந்துக்குள் நுழைந்த மினி எக்ஸ்கவேட்டர்

வீட்டுக்குப் பின்னால் மழைநீர்க் குழாய் பதிக்க, போன வாரம் மினி எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் சின்ன இயந்திரம்) ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். முதலில் நான் அளந்தது பக்கச் சந்தின் அகலத்தைத்தான். சுவருக்கும் வேலிக்கும் நடுவே 1.1 மீட்டர். ஒன்றரை டன் வண்டிகள் பலவற்றில், சக்கரத்துக்குப் பதிலாக இருபக்கமும் ஓடும் செயினை உள்ளே இழுத்துக்கொண்டால் அகலம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். உள்ளே போனதும் விரித்துக்கொள்ளலாம். எனக்கு இது பெரிய நிம்மதி.

மண்ணை அள்ளும் பக்கெட் 30 செ.மீ. அகலத்தில் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். குழாய்க்குத் தேவைக்கு மேல் அகலமாகத் தோண்டினால், மூடுகிற வேலையும் சேர்ந்து ஏறும்.

பழைய தண்ணீர்க் குழாய் போகும் இடத்தை மட்டும் இயந்திரத்திடம் விடவில்லை. ஓட்ட வந்த அண்ணன் தாமே இறங்கி, "இங்க மண்வெட்டிதாங்க" என்றார். முழங்கால் ஆழத்தில், ஈரமண்ணுக்குள் குழாயின் முதுகு தெரிந்தது. நாங்கள் நினைத்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி! பக்கெட் பல் பட்டிருந்தால் அன்றைக்கே தண்ணீர் போயிருக்கும்.

அப்புறம் மண். தோண்டிய மண் இளகி, கால் பங்கு கூடுதலாகவே குவிந்தது. அதைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து இரண்டடியாவது தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். விளிம்பில் பாரம் ஏறினால் பக்கம் சரியும், உள்ளே ஆள் நின்றால் ஆபத்து. எங்கள் பள்ளம் மூன்றடிதான், ஆனாலும் குழந்தைகளைக் கிட்டே விடவில்லை.

மாலையில் வண்டி கிளம்பும்போது எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.