எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஃபேன் சத்தம் போடுகிறதா?

ஆன் செய்ததும் கரகரவென்று கத்தி, சூடேறியதும் அடங்கினால் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கும். டக் டக் என்று சீராக அடித்தால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது. கீச்சென்ற விசில் என்றால் அது பெரும்பாலும் ஃபேனே இல்லை, உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்). எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை.

தூசி ஊதும்போது இறக்கை சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விட பெட்டியைத் திறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் தொடவே வேண்டாம். ஃபேன் நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் 2 சொட்டு விட்டால் போதும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் இருக்கிற எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். எண்ணெய் விட்டாலும் கொஞ்ச காலம்தான் ஓடும். ஃபேனையே மாற்றுவதுதான் என் கட்சி. அதே அளவு, 12 வோல்ட், அதே ஆம்பியர். காற்று வீசும் திசையை மாற்றி மாட்டிவிடாதீர்கள்.